சகலை வாங்கிய கேமரா

சகலையின் கழுத்தில் அந்தக் கேமரா தொங்குவதைப் பார்த்ததும் ஸ்டுடியோக்காரருக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது.

அவர் விலை பேசி வைத்திருந்த அதே கேமராதான். பழைய மீடியம் ஃபார்மட் ஃபிலிம் கேமரா. கண்ணருகே கொண்டுபோகும் வேலையில்லை. வயிற்றோடு சேர்த்துப் பிடித்து, மேல்மூடியைத் திறந்து, மேலேயிருந்து பார்க்க வேண்டும். ஒரு ஃபிலிம் சுருளுக்குப் பன்னிரண்டே படம். பாஸ்போர்ட் ஃபோட்டோ எடுத்தே பாதி ஆயுளைத் தொலைத்த மனிதர், அப்படி ஒன்றில் நாலு நல்ல முகங்களையாவது எடுத்துவிட வேண்டும் என்று தொழிலுக்கு வந்த நாளிலிருந்து ஏங்கிக்கொண்டிருந்தார்.

"வாங்கிட்டீங்களா?" என்று சிரித்தார். சிரிப்பு உதட்டைத் தாண்டவில்லை.

"நேத்துதான் அண்ணா. ஃபிலிம் மாட்டத் தெரியல. நீங்கதான் சொல்லித் தரணும்."

"எவ்வளவு கொடுத்தீங்க?"

"அந்தத் தையல்கடை அக்கா கேட்டதை."

"பேரமே பேசலையா?"

"என்னமோ மனசு வரல அண்ணா."

மனசு வரவில்லையாம்! கையில் காசு புரள்கிற திமிர் என்று சொன்னால் ஆகாதா?

மனைவியின் தங்கையைக் கட்டிய நாளிலிருந்தே இவர் இப்படித்தான். ஸ்டுடியோக்காரர் ஸ்கூட்டர் வாங்கினால், சகலை கார் வாங்குவார். இன்ஷூரன்ஸ் ஆபீஸில் அதிகாரி வேறு. மாமனார் வீட்டுக்குப் போனால், "சின்ன மாப்பிள்ளைக்கு வேர்க்குது பாரு, ஃபேனை அந்தப் பக்கம் திருப்பு" என்பார் மாமனார். பெரிய மாப்பிள்ளை வேர்வையைத் துடைத்துக்கொண்டே சாப்பிடுவார்.

இந்தக் கேமரா கைநழுவியதற்கு மட்டும் தன் வாயைத்தான் அடித்துக்கொள்ள வேண்டும்.

போன வாரம், அதே மாமனார் வீட்டில்தான் அளந்துவிட்டார். பக்கத்துத் தெருவில் தையல்கடை நடத்தும் அக்கா, இறந்துபோன கணவரின் கேமராவை விற்றுப் புது மெஷின் வாங்க நினைத்தார். விவரம் தெரிந்தவர் என்று ஸ்டுடியோக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"சரக்கு புத்தம் புதுசு மாதிரி இருக்கு மாமா. அதை வெளியில சொல்லுவேனா? 'அக்கா, இதுக்குள்ள பாருங்க, நான் இந்தப் பக்கம் நடந்தா படம் அந்தப் பக்கம் போகுது. உள்ள இருக்கிற கண்ணாடி போச்சு'ன்னு ஒரே போடு! அந்தம்மா முகம் சுருங்கிப்போச்சு. பாதி விலைக்குக் கேட்டிருக்கேன். நாலு நாள் ஆறப்போட்டா தானா இறங்கி வருவாங்க."

"ஐயையோ, நிஜமாவே கெட்டுப்போச்சா?" என்றார் மாமனார்.

"நீங்க வேற! இந்த வகைக் கேமரா எல்லாத்துலயுமே இடமும் வலமும் மாறித்தான் தெரியும்!"

எல்லோரும் சிரித்தார்கள். சகலை மட்டும் சிரிக்காமல், "கடை எங்க அண்ணா இருக்கு?" என்று கேட்டார். முதல் தடவையாகச் சின்ன மாப்பிள்ளையே தன்னிடம் விவரம் கேட்கிறாரே என்ற பெருமையில், இவரும் வழி, அடையாளம் எல்லாம் சொல்லித் தொலைத்தார்.

இப்போது வேறு வழியில்லாமல் ஃபிலிம் மாட்டிக் காட்டினார். ஷட்டர் மெல்ல விழுந்த சத்தத்தைக் கேட்டதும் அழாத குறை.

சகலை கிளம்பியதும் மனைவியிடம் பொரிந்து தள்ளினார்.

"பேசி வச்ச பொருள்ல குறுக்கே பூந்து தட்டிட்டுப் போறது நியாயமா?"

"அவருக்கும் ஆசை இருக்காதா? பொறாமையில பேசாதீங்க."

"பொறாமையா? எனக்கா? நான் கேக்கறது நியாயம்!"

நியாயம் அவரை இரவெல்லாம் புரட்டி எடுத்தது. காலையில் ஸ்டுடியோவைக்கூடத் திறக்காமல் நேராகத் தையல்கடைக்குப் போய் நின்றார்.

அவரைக் கண்டதும் அக்கா மெஷினை நிறுத்திவிட்டு எழுந்தார். "வாங்க சார், வாங்க. நானே உங்களைப் பார்க்க வரணும்னு இருந்தேன்."

"அதெல்லாம் இருக்கட்டும். நான் கேட்டு வச்ச பொருளை இன்னொருத்தருக்கு எப்படிக் கொடுக்கலாம்?"

அக்கா விழித்தார். "இன்னொருத்தரா? உங்க சகலைதானே சார்?"

"சகலையா இருந்தா? நான் கேட்டதும் அவர் கேட்டதும் ஒண்ணா?"

"என்ன சார், விளையாடறீங்களா? அவரை அனுப்பினதே நீங்கதானே!"

"நானா?"

"அவர் எல்லாத்தையும் சொல்லிட்டாரு சார். 'அண்ணன் அன்னிக்கு அவசரத்துல பார்த்துட்டுத் தப்பாச் சொல்லிட்டாரு, கண்ணாடியில ஒரு குறையும் இல்ல, இந்த மாதிரிக் கேமராவே அப்படித்தான் காட்டும். வீட்டுக்குப் போனதும் அவருக்கே உறைச்சு, சாப்பாடு இறங்கல. உங்களை நேரா பார்க்கக் கூச்சப்பட்டுக்கிட்டு, கேட்ட விலையில ஒரு காசு குறைக்காம கொடுத்துட்டு வான்னு என்னை அனுப்பினாரு'ன்னு சொன்னாரு."

ஸ்டுடியோக்காரர் மெல்ல ஓரடி பின்வாங்கினார்.

"வேற ஆளா இருந்தா, இவளுக்கு என்ன தெரியும்னு பாதி விலைக்கு அமுக்கிட்டுப் போயிருப்பாங்க. கடைக்கு வர்றவங்ககிட்ட எல்லாம் உங்களைப் பத்தித்தான் பேசிட்டிருக்கேன்."

அவர் தரையில் சிதறிக் கிடந்த துணி வெட்டுகளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏன் சார் தலையைக் குனிஞ்சுக்கறீங்க? ஏமாத்தறவங்க குனியட்டும், உங்களுக்கு என்ன?" என்றார் அக்கா.