முதல் தரம்

"ரெண்டு எலுமிச்சம்பழம் எதுக்குடி? நாளைக்கு வர்ற வேன் சக்கரத்துல வைக்கவா?"

லுணுகலைக் கடைத்தெருவிலேயே இராக்கம்மா கேட்டுவிட்டாள். ஜீவராணி பழங்களைப் பைக்குள் போட்டுக்கொண்டு, "அப்பிடித்தான் வச்சுக்கங்களேன்" என்றாள். இரண்டு பேரும் ஒரே தேயிலைத் தோட்டத்தில் அடுத்தடுத்த நிரையில் கொழுந்து பறிப்பவர்கள். இராக்கம்மா பேசத் தொடங்கினால் நிறுத்தமாட்டாள். ஜீவராணியிடம் ஒரு சொல் வாங்குவதற்குள் கூடை நிறைந்துவிடும்.

வேன் கொழும்பிலிருந்து வருகிறது. பெரிய கம்பனி ஒன்றின் கணினி ஆய்வுக்கூடம், பல்கலைக்கழகக் கெம்பஸோடு சேர்ந்து, கொழுந்தைத் தரம் பார்க்கும் மெசின் ஒன்றைச் செய்துகொண்டிருந்தது. மெசின் என்றதும் பயந்துவிட வேண்டாம், அது வெறும் போன்தான். அதன் முன்னால் இலையைக் காட்டினால் "முதல் தரம்" என்றோ "கழிவு" என்றோ பெண் குரலில் தீர்ப்புச் சொல்லும்.

அதற்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவள் விதுஷா, இதே தோட்டத்து லய வீடுகளிலிருந்து கெம்பஸுக்குப் போன முதல் பிள்ளை. கூடப் படிக்கும் ஜூடையும் இழுத்துக்கொண்டு வந்து, மூன்று மாதத்தில் நாலாயிரம் படம் எடுத்தாள். நல்ல கொழுந்தை ஜீவராணி பறித்துக் கையில் ஏந்துவாள், முற்றல் இலையைப் பொறுக்கி ஜூட் ஏந்துவான். போன வாரம் சோதித்துப் பார்த்தபோதும் இதே இரண்டு பேர்தான். நூற்றுக்கு நூறு சரியாகச் சொன்னது.

மறுநாள் வேன் வந்தது. வந்தவர்கள் முன்னாலும் அப்படியே சொல்லிவிட்டால் ஆய்வுக்கூடத்தில் விதுஷாவுக்கு இரண்டு வருட ஆராய்ச்சி இடம். சொல்லாவிட்டால் திட்டமே வேறு கெம்பஸுக்குக் கைமாறிவிடும். அந்தப் பெண்ணுக்குக் காலையில் ஒரு வாய் ரொட்டி இறங்கவில்லை.

கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் போனை ஒரு தாங்கியில் நிறுத்தினாள். ஆய்வுக்கூடத்துப் பொறுப்பாளர் நிஷாந்த் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஜீவராணி அன்று காலையில் பேர் பதியும் பெரட்டில் சொல்லிவிட்டு, மலைக்குப் போகாமல் புதுச்சேலையில் நேரே அங்கே வந்திருந்தாள். விதுஷா முன்னமே பறித்து வைத்திருந்த கொழுந்தில் ஒன்றை ஜீவராணி எடுத்து, இரண்டு இலையும் மொட்டுமாகப் போனுக்கு நேரே நீட்டினாள்.

"கழிவு" என்றது போன்.

இன்னொன்றை நீட்டினாள். கழிவு. பத்துக் கொழுந்து காட்டினாள், பத்தும் கழிவு.

"பனி மூடியிருக்குல்ல சேர், வெளிச்சம் பத்தல" என்றாள் விதுஷா. லைட்டைப் போட்டார்கள். கழிவு. சட்டை நுனியால் கெமராவைத் துடைத்தாள். கழிவு. போனை அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டாள். அது மறுபடி விழித்து, இன்னும் தெளிவான குரலில் கழிவு என்றது.

"இருவது வருசமா பறிக்கிறேன்" என்றாள் ஜீவராணி மெதுவாக. "இதப் போயி கழிவுங்குதே."

நிஷாந்த் எழுந்துகொண்டார். "மெசின் பிழை விடலாம் விதுஷா, அது பெரிய விசயமில்ல. ஏன் விட்டுச்சுன்னு தெரியணும். உங்களால சொல்ல முடியுமா?"

விதுஷா யோசித்தாள். போன் அதேதான், புரோகிராம் அதேதான், செடியும் அதேதான். "முடியல சேர்" என்றாள்.

"அப்ப நான் கெளம்புறேன்."

மலையிலிருந்து அப்போதுதான் இறங்கி வந்த இராக்கம்மா கூடையைத் தொப்பென்று வைத்தாள். "நான் நேத்தே சொன்னேன். பழத்த சக்கரத்துல வச்சிருந்தா இப்பிடி ஆயிருக்குமா?" என்று சொல்லிக்கொண்டே போன் பக்கத்துப் பலகையில் உட்கார்ந்தாள். உலகம் அழிந்தாலும் அந்த நேரத்துக்கு அவளுக்கு வெற்றிலை போட்டாக வேண்டும். மடியிலிருந்து ஒரு வெற்றிலையை எடுத்து, காம்பைக் கிள்ளத் தூக்கிப் பிடித்தாள்.

"முதல் தரம்" என்றது போன்.

மடுவமே சிரித்தது. வேன் படியில் ஒரு காலை வைத்திருந்த நிஷாந்த் மட்டும் சிரிக்கவில்லை. "அம்மா, இன்னொருக்கா காட்டுங்க" என்றார்.

இராக்கம்மாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. பாக்கைக் காட்டினாள். முதல் தரம். சுண்ணாம்பு டப்பியைக் காட்டினாள். முதல் தரம். காட்டுவதற்கு வேறு ஒன்றும் இல்லாமல் வெறுங்கையை விரித்தாள்.

"முதல் தரம்."

விதுஷா அந்தக் கையையே பார்த்தாள். வருடக்கணக்காகக் கொழுந்துச் சாறு ஊறி, விரல் இடுக்கெல்லாம் கருத்துப்போன கை. அவள் எடுத்த படங்களில் நல்ல கொழுந்துக்குப் பின்னால் எப்போதும் இப்படி ஒரு கைதான் இருந்தது. முற்றல் இலைக்குப் பின்னால் இருந்தது, பேனாவைத் தவிர வேறொன்றும் பிடித்தறியாத ஜூடின் கை.

"சேர்" என்று கூப்பிட்டாள். "இப்ப சொல்ல முடியும்."

நிஷாந்த் டிரைவரிடம் இஞ்சினை நிறுத்தச் சொல்லிவிட்டு உள்ளே வந்தார். விதுஷா ஜீவராணியின் பக்கம் திரும்பினாள். ஜீவராணி இரண்டு கையையும் மெல்ல முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"அக்கா, ஒங்க கையில இருந்த கறையெல்லாம் எங்க?"

"பெரிய மனுசங்க வாராங்கன்னு, அந்த ரெண்டு எலுமிச்சம்பழத்தையும் போட்டுத் தேச்சுக் கழுவிட்டேன் புள்ள."