பச்சை விழுந்த பிறகு

ஞானதுரையின் லாரியில் அடிபட்டு சைக்கிள்காரர் ஒருவர் இறந்துபோய் எட்டு மாதமாகிறது. அவன்மீது தப்பில்லை என்று கோர்ட்டே சொல்லிவிட்டது. ஆனாலும் அதற்குப் பிறகு அவன் எந்த வண்டியின் ஸ்டியரிங்கையும் தொடவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவன் மனைவி ரீத்தம்மாள் டிவியில் கார் ரேஸ் கேம் ஆடிக்கொண்டிருந்தாள். அவளுடையது பழைய ஜப்பான் கார். கத்தரிப்பூ நிறம் அடித்து, பின்னால் இறக்கை வைத்து, அடியில் நீல விளக்கும் போட்டு, பார்த்துப் பார்த்து அவளே அலங்கரித்தது. அடுத்த ரேஸ் தொடங்கும் நேரம் அடுப்பில் பால் பொங்கியது. "கொஞ்சம் பிடிங்க" என்று விளையாட்டு ஸ்டியரிங்கை அவன் மடியில் வைத்துவிட்டு ஓடினாள்.

அவள் திரும்பி வந்தபோது மற்ற கார்களெல்லாம் எப்போதோ பறந்துவிட்டிருந்தன. அவன் முப்பதில் உருட்டிக்கொண்டு போய், ஒரு நாற்சந்தியில் சிவப்பு விளக்கைப் பார்த்து நிறுத்தியிருந்தான்.

"ரேஸுங்க இது. சிக்னலெல்லாம் சும்மா."

"இருக்கட்டும்."

தோற்றுவிட்டதாகத் திரையில் எழுத்து வந்து மறைந்தது. அவன் கையை எடுக்கவில்லை. அவள் கேமின் பாட்டுச் சத்தத்தைக் குறைத்துவிட்டு அவனுக்கு இடப்பக்கம் உட்கார்ந்தாள். விளக்கு பச்சையானது. கார் நகரவில்லை.

"பச்சை விழுந்துடுச்சுங்க."

"தெரியுது. உன் பக்கம் யாராவது வராங்களான்னு பாரு."

கேமில் வரும் இந்த ஊரில் மனுஷரே கிடையாது என்று சொல்ல வாயெடுத்தவள், அதை விட்டுவிட்டுத் திரைப்பக்கம் சாய்ந்து, அந்தக் காலித் தெருவைக் கடைசிவரை பார்த்தாள்.

"யாரும் இல்ல. போங்க."