ஒற்றைக் காதுக் கரடி

“கரடிக்கு எந்தக் காதும்மா இல்ல? இடதா, வலதா?” என்று போர்டு எழுதும் பெயிண்டர் என்னைக் கேட்டார்.

எனக்குத் தெரியவில்லை. அப்படி ஒரு கரடியே கிடையாது.

அக்காவைக் கட்டிய அத்தான், தையல் கடைக்கு மேல் மாடியில் டூர் ஆபீஸ் வைத்திருக்கிறார். புலி, சிங்கம், கரடி பார்க்க உலகத்தில் போகவேண்டிய பத்து மிருகக்காட்சி சாலைகள் என்று ஒரு நோட்டீஸ் அடிக்க நினைத்தார். வாய்தான் திறக்கமாட்டாள், எழுதவாவது செய்யட்டும் என்று அக்கா என்னை அங்கே உட்காரவைத்தாள்.

பழைய பத்திரிகைகளைப் புரட்டி ஒன்பதைத் தேற்றிவிட்டேன்.

வெள்ளைக் கரடி தலைக்கு மேலே நீந்திப் போகும் கண்ணாடிச் சுரங்கம் ஓரிடத்தில். பனிச்சிறுத்தை பாறையோடு பாறையாகக் கிடக்க, அது எங்கே என்று தேடுவதற்கே அரை மணி நேரம் ஆகும் இன்னோரிடத்தில்.

பத்தாவது, பக்கத்து நாட்டில் இருந்தது. கரடிக் கூண்டு ஒன்று உண்டு என்பதற்கு மேல் ஒரு தகவலும் கிடைக்கவில்லை. அச்சகத்து ஆளோ வாசலில் வந்து நின்றுவிட்டார்.

நான் கதை எழுதிவைக்கும் என் நோட்டில் இருந்த ஒரு கரடியை எடுத்து அந்தக் கூண்டில் விட்டேன்.

“ஒற்றைக் காதுக் கிழக் கரடி. மாலை நான்கு மணிக்குப் பாறை மேல் வந்து முதுகு காட்டி உட்காரும். பொறுமை உள்ளவர்களை மட்டும் ஒரு தடவை திரும்பிப் பார்க்கும்.”

பத்தில் அந்த ஒன்றுக்குத்தான் மூன்று நாளில் போய்த் திரும்பலாம். எல்லோரும் அதற்கே கிளம்பினார்கள்.

முதல் குழு போயிருந்த மூன்று நாளும் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஒரே ஒரு புகார் வந்தாலும் என் நாற்காலி போய்விடும். பேனாவோடு குனிந்திருந்தால், என்ன கிறுக்குகிறாய் என்று யாரும் கேட்காத ஒரே இடம் அதுதான். வீட்டில் அம்மா ஒரு மாப்பிள்ளையின் போட்டோவை வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

ஆபீஸில் ஒரு வழக்கம் உண்டு. ஊர் திரும்பியவர்கள் கருத்துச் சீட்டை நிரப்பிக் கொடுத்தால்தான் குரூப் போட்டோ கைக்கு வரும்.

உங்களை மிகவும் கவர்ந்த மிருகம் எது?

பத்தொன்பது சீட்டில் பதினேழு, ஒற்றைக் காதுக் கரடி.

ஒருவர் அடிக்கோடு போட்டு எழுதியிருந்தார்: என்னை இரண்டு தடவை திரும்பிப் பார்த்தது.

அடுத்தடுத்துப் போன குழுக்களும் பார்த்தார்கள். கரடியின் போட்டோ மட்டும் ஒருவரும் எடுத்து வரவில்லை. நேரில் பார்க்கும்போது போட்டோ எதற்கு என்று எல்லோரும் ஒரே மாதிரி சொன்னார்கள். அத்தான் பூரித்துப்போய், வாசல் போர்டில் இனி கரடிதான் என்று பெயிண்டரை அழைத்துவிட்டார்.

பெயிண்டர் கேட்டதற்கு நான் என் நோட்டைப் புரட்டிக்கொண்டு நின்றேன். நல்லவேளை, சீட்டு நிரப்ப வந்திருந்த போன வாரக் குழு முந்திக்கொண்டது.

“இடது காது,” என்றார் ஓய்வுபெற்ற தபால்காரர்.

“வலதுங்க. நான் கம்பி ஓரத்துலயே நின்னேன்,” என்றார் மருந்துக்கடைக்காரம்மா.

“அது திரும்பி உக்காந்திருந்துச்சும்மா. அதனால உங்களுக்கு மாறித் தெரிஞ்சிருக்கும்.”

“முதுகக் காட்டினா எங்கங்க மாறும்? எனக்கே காது குத்துறீங்களா?”

தபால்காரரின் மனைவி, இரண்டு காதும் இருந்தது போலத்தான் என்று தொடங்கினார். கணவர் முறைத்ததும், “ஒண்ணு ரொம்பச் சின்னதா இருந்துச்சு,” என்று இறங்கி வந்தார்.

பெயிண்டர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு சுவரில் சாய்ந்துவிட்டார்.

“சரி விடுங்க, கேமரா வச்சிருந்தவங்களயே கேப்போம்,” என்றார் அத்தான்.

எல்லோரும் மூலை நாற்காலியைப் பார்த்தார்கள். பள்ளிக்கூட வேன் ஓட்டும் அம்மா அங்கே இருந்தார். தனியாக வந்தவர் என்பதால், பயணம் முழுக்கக் கேமராவை அவர் கையில் கொடுத்துவிட்டிருந்தார்கள்.

அவர் எழுந்து வந்து தன் சீட்டை என் மேசையில் வைத்தார். அதன் மேல் ஒரு போட்டோவையும் வைத்தார்.

கரடிக் கூண்டு. கம்பி ஓரமாக மொத்தக் குழுவும், எல்லோர் முகத்திலும் சிரிப்பு. தபால்காரர் கை நீட்டி மனைவிக்கு எதையோ காட்டுகிறார். மருந்துக்கடைக்காரம்மா குதிகாலைத் தூக்கி எட்டிப் பார்க்கிறார்.

கூண்டின் பின்கதவு விரியத் திறந்திருந்தது. பாறை மேல் ஒரு பிளாஸ்டிக் வாளி. பாறையில் சாய்த்து யாரோ சைக்கிளை நிறுத்தியிருந்தார்கள்.

நான் என் நோட்டை மெல்ல அதன் பக்கம் நகர்த்தினேன்.

“என்னம்மா, கரடி போட்டோவா? காட்டுங்க, காட்டுங்க,” என்று அத்தான் மேசையைச் சுற்றிக்கொண்டு வந்தார்.

வேன் ஓட்டும் அம்மா என்னைப் பார்த்தார். தாமதமாக வரும் பிள்ளைக்காக வண்டியை நிறுத்திவைத்திருப்பவரின் பார்வை. போட்டோவைக் கவிழ்த்து, என் நோட்டுக்கு அடியில் தள்ளினார். பிறகு பெயிண்டர் பக்கம் திரும்பி, தன் இடது காதைத் தொட்டுக் காட்டினார்.

“நான் சொல்லல?” என்று தபால்காரர் தொடையில் தட்டினார். பெயிண்டர் பென்சிலை எடுத்தார். அத்தானும் அந்தப் பக்கம் போய்விட்டார்.

நான் வேன் அம்மாவின் சீட்டைப் படித்தேன். கவர்ந்த மிருகம் என்ற இடம் காலியாக இருந்தது. குறைகள் என்ற இடமும் காலி. மறுபடி வருவீர்களா என்பதற்கு மட்டும், ஆம் என்று டிக் போட்டிருந்தது.

நிமிர்ந்தபோது அவர் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார். குரூப் போட்டோவை வாங்கிக்கொள்ளவில்லை. படியிறங்கிப் போனார்.