சுவரொட்டி தின்ற ஆடு

பேருந்து நிலையச் சுவரில் யார் சுவரொட்டி ஒட்டினாலும் அந்தக் கிழட்டு வெள்ளாடு கிழித்துத் தின்றுவிடும். ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி என்ற பாகுபாடெல்லாம் கிடையாது. "பொய்யைக் கண்டால் என் வாய் சும்மா இருக்காது" என்று அது பேசுவதைக் கேட்கவே ஒரு கூட்டம் நிற்கும். அங்கே திரியும் செவலை நாய்க்கு ஆட்டின்மேல் அவ்வளவு பக்தி. ஊர்ச் சுவர்களில் அந்த ஒன்றில் மட்டும் அது காலைத் தூக்குவதில்லை.

ஒருநாள் சுவருக்குப் பக்கத்தில், கட்டாத பாலத்துக்காக அமைச்சருக்கு நன்றி சொல்லிப் பெரிய பிளக்ஸ் பேனர் வைத்தார்கள். நாய் ஓடிப்போய் ஆட்டை அழைத்து வந்தது.

ஆடு பேனரின் ஓரத்தை ஒருமுறை நக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பி நடந்தது.

"ஐயா, இதைவிடப் பெரிய பொய் உண்டா?" என்றது நாய்.

"எதையெடுத்தாலும் எதிர்க்கக் கூடாது தம்பி. பாலத்தை நாளைக்கே கட்டினாலும் கட்டுவார்கள்."

ஆடு போன பிறகு நாய் பேனரை நக்கியது. வெறும் பிளாஸ்டிக். சுவரில் ஆடு தின்று மிச்சம் வைத்த சுவரொட்டித் துண்டையும் நக்கியது. மைதாப் பசை ருசியாகத்தான் இருந்தது.

பிறகு அந்தச் சுவரில் காலைத் தூக்கியது.