வியாழக்கிழமைப் புள்ளடி

2024 நவம்பர் 10, ஞாயிறு. மப்பு வானம், விடாத தூறல். முல்லைத்தீவில், பார்வையற்ற லாபிர் கதிரையில் அமர்ந்திருக்கிறார். மனைவி றாபியா, வரும் வியாழக்கிழமை நடக்கும் பாராளுமன்றத் தேர்தலில் நிற்கும் மூன்று வேட்பாளர்களின் துண்டுப்பிரசுரங்களிலும் மாற்றுத்திறனாளிகளைப் பற்றிய வரிகளை மட்டும் வாசிக்கிறாள். முதலாமவர் உதவித்தொகையைக் கூட்டுவாராம். இரண்டாமவர் பார்வையற்றோர் தாமே தொட்டறிந்து வாக்களிக்கும் சீட்டைக் கொண்டுவருவாராம். மூன்றாமவரின் வரியை அவள் குரல் குழைய இருமுறை வாசிக்கிறாள்.

"ஒருக்கா வாசிச்சாக் காணும். அவர் உம்மட மச்சான் எண்டு தெரியும்," என்கிறார் லாபிர். "எனக்கு ரெண்டாவது ஆள்தான்."

"அப்ப வியாழக்கிழமை உங்களோட வந்து, வாக்குச்சீட்டில உங்களுக்காகப் புள்ளடி போடப்போறது ஆராம்?"

"நீர்தான். அதுதான் பயம்."

றாபியா வாய்விட்டுச் சிரிக்கிறாள். பிறகு அவருடைய சுட்டுவிரலைப் பிடித்துத் ஒரு துண்டுப்பிரசுரத் தாளின் ஓரிடத்தில் வைக்கிறாள். "இந்தா, உங்கட ஆளின்ர சின்னம். இதிலதான் போடுவன்."

விரல் மெல்ல நகர்கிறது. தாள் எங்கும் ஒரே வழுவழுப்பு; அது யாருடைய சின்னம் என்று விரலுக்குத் தெரியவில்லை. தூறல் ஓயும்போது மாலை ஐந்து மணி இருபது நிமிடம்.