ஓஸ்வால்டின் அடுப்பு

தொம்மலூர் ஆபீசின் லேபில், சோதனைக்கு வைத்திருந்த இண்டக்‌ஷன் அடுப்புகள் திங்கட்கிழமை காலையிலிருந்தே படுத்தின. மேலே தண்ணீர் தளதளவென்று கொதித்தது. கண்ணாடிக்கு அடியிலிருந்து பாத்திரத்தின் சூட்டைப் பார்க்கும் இன்ஃப்ராரெட் சென்சாரோ, அது சூடே ஆகவில்லை என்றது.

“எல்லாமே கெட்ட சென்சார் சார். சப்ளையருக்கே திருப்பி அனுப்பிடலாம்,” என்றாள் சோதனை இன்ஜினியர் சிந்து. ஏற்றிப்போக வேன்கூட வந்துவிட்டது.

“ஓஸ்வால்டோட அடுப்பு மட்டும் கரெக்டா காட்டுதேம்மா. அதுவும் அதே சப்ளையர்தானே?” என்றார் மேனேஜர் பழனிச்சாமி.

சிந்துவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேராக, அதே லேபில் வேலை பார்க்கும் ஓஸ்வால்டிடம் போனாள்.

“உண்மையச் சொல்லுங்க சார். உங்க அடுப்பை மட்டும் என்ன பண்ணீங்க?”

“நான் என்னாம்மா பண்ணேன்? வெள்ளிக்கிழமை நான் லீவு. அடுப்பு பீரோவுல பூட்டிக் கெடந்துச்சு. ஆமா, அன்னிக்கு ஆபீஸ்ல ஆயுதபூஜையாமே. எனக்குப் பொரி எடுத்து வெச்சீங்களா?”

சிந்து தன் அடுப்புக்குத் திரும்பிவந்து, பாத்திரத்தை மெல்லத் தூக்கினாள்.

சென்சாருக்கு நேர் மேலே, கண்ணாடியில், வெள்ளிக்கிழமை ஒவ்வோர் அடுப்புக்கும் அவள் கையாலேயே வைத்த சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமத்தோடு காய்ந்து ஒட்டியிருந்தது.

“என்னம்மா, பழுது தெரிஞ்சுதா?” என்றார் பழனிச்சாமி.

“சென்சார் மேல தப்பில்ல சார்,” என்றாள் சிந்து, துப்பட்டாவால் அவசரமாகத் துடைத்தபடி. “பக்திதான் கொஞ்சம் ஜாஸ்தியாயிடுச்சு.”