பல்லி சொன்ன தீர்ப்பு

பரிதி வாங்கி வந்த புது மலை சைக்கிளின் ஃபிரேமில், ஹேண்டில்பாருக்குச் சற்றுக் கீழே, மயிரிழை போல ஒரு கோடு தெரிந்தது. கீறலா, விரிசலா என்று நகத்தால் தடவிப் பார்த்தான். நகம் மாட்டியது. மாட்டாதபடி இன்னொரு முறை மெதுவாகத் தடவிப் பார்த்தான்.

"வெறும் பெயிண்ட்தான் போயிருக்கு" என்றான்.

சுவரிலிருந்த பல்லி உச்சுக் கொட்டியது.

"பல்லியே சொல்லிடுச்சு" என்று அந்தக் கோட்டின் மேல் ஒரு சந்தனப் பொட்டு வைத்துவிட்டு, ஹெல்மெட்டை எடுக்க உள்ளே போனான்.

சைக்கிள் மெல்லக் கேட்டது: "பல்லியண்ணே, நிஜமாவே கீறல்தானா? எனக்கு உள்ளுக்குள்ள என்னமோ செய்யுது."

"எனக்கெப்படித் தெரியும்? கொசு தப்பிச்சிடுச்சேன்னு உச்சுக் கொட்டினேன்."

"அதை அவர்கிட்டச் சொல்லக் கூடாதா?"

"நான் எதைச் சொன்னாலும் அவனுக்கு 'ஆமாம்'னுதான் கேட்கும்."

உள்ளேயிருந்து பரிதியின் சீட்டிச் சத்தம் நெருங்கி வந்தது.

"இப்ப மலை உச்சியிலேருந்து இறங்கப் போறோம்ணே. கீறல்னு நினைச்சு இறங்கவா, விரிசல்னு நினைச்சு இறங்கவா?"

பல்லி அடுத்த கொசுவைப் பார்த்து நகர்ந்தபடியே சொன்னது:

"திரும்பி வந்தா, கீறல்."